பத்தாவது வாரத் தடுப்பூசி

பர்கூர் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக நான் சேர்ந்த புதிதில், எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பிறகு கிரானைட் குவாரிகளும் பாலிஷ் பட்டறைகளும் பெருகின. ஒடிசா, பீகாரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். புளியந்தோப்பை ஒட்டித் தகர ஷெட்டுகள் வரிசையாக எழுந்தன.

"நர்சம்மா, அந்தப் பக்கம் தனியாப் போவாதீங்க" என்றார்கள். திண்ணையில் படுத்தவர்கள் உள்ளே தாழ் போட்டுப் படுத்தார்கள். என்ன களவு போனது என்று கேட்டால் கிணற்று மோட்டார் வயரைச் சொன்னார்கள். அது குவாரி வருவதற்கு முன்பும் போனதுதான். கூலி நாளில் குடித்துவிட்டு அடிதடி நடந்தது உண்மை. அதில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள்.

சமூகப் பணி படித்த என் மகள் ஒன்று சொன்னாள். நிலக்கரி, எண்ணெயால் திடீரென வளர்ந்த அமெரிக்க ஊர்களை ஆராய்ந்த வில்லியம் ஃப்ராய்டன்பர்க், 1986இல் 'அறிமுக அடர்த்தி' பற்றி எழுதினாராம். ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதுதான் அது. அது குறைந்தால் ஊர்ப் பிள்ளைகளைக் கண்டிப்பதும் முடியாதவரைப் பார்த்துக்கொள்வதும் குறையும். என் பதிவேடு நினைவுக்கு வந்தது. ஷெட் வரிசையில் பாதிப் பேரின் பெயர் எனக்கே தெரியாது.

2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிட வந்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி எங்கள் ஊருக்கும் வந்தது. அந்தப் புதன்கிழமை, பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு வரவேண்டிய ஒடிசாக் குழந்தை வரவில்லை. தேடிப் போனேன். தகரக் கதவை உள்ளிருந்து கயிற்றால் கட்டி, குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தாய். எங்களுக்குப் பயந்து! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

துணைக்கு ஒரு பாட்டியை அழைத்து வந்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மகன் பெங்களூரில் கட்டட வேலை. மூவரும் ஊர்த் தெரு வழியாகவே நடந்தோம். பாட்டி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

தட்டம்மை ஊசிக்கு முன்பே அந்தக் குடும்பம் வேறு குவாரிக்குப் போய்விட்டது. அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தேன். பாட்டி இப்போது ஷெட் வழியாகத்தான் ஆடு ஓட்டிப் போகிறார்.