கடிதத்துக்குப் பாதி, ஆட்டுக்குப் பாதி

அஞ்சலட்டை 15 பைசாவுக்கு விற்ற காலத்தில், ஆலங்குளம் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவில், எழுதப் படிக்கத் தெரிந்து, எந்நேரம் கூப்பிட்டாலும் கிடைக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பாதி வீடுகளின் ஆண்கள் பம்பாய்த் தாராவியில் பிழைத்துக்கொண்டிருந்ததால், இங்கிருந்த தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் என் கை தேவைப்பட்டது. கூலி, ஒரு கை பொரிகடலையும் ஒரு துண்டு கருப்பட்டியும். கருப்பட்டியின் அளவு கடிதத்தின் நீளத்தைப் பொறுத்து மாறும்.

எதிர்வீட்டு ஆச்சிதான் நிரந்தர வாடிக்கையாளர். மகன் இரண்டு மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்ற கோபத்தில் ஒரு நாள் நீல நிற இன்லண்டு கடிதத்தோடு வந்து உட்கார்ந்தார். நான் பிள்ளையார் சுழி போட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கப் போனேன்.

“ஏட்டி, அதை எழுதாத. அவன் என்னை நல்லா இருக்கியான்னு கேட்டானா? நான் எதுக்குக் கேக்கணும்?”

அந்த வரி இல்லாமல் கடிதமே கிடையாது என்பது அன்றைய என் உறுதியான கொள்கை. வாத்தியார் மேல் ஆணையாக மறுத்துவிட்டேன். வெற்றிலை ஒரு சுற்று மென்று முடிக்கும்வரை ஆச்சி யோசித்தார்.

“சரி, எழுது. ஆனா சின்னதா எழுது.”

எழுத்தைச் சிறிதாக்கினால் பாசமும் சிறிதாகிவிடும் என்ற அந்தக் கணக்கை இன்றுவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஆச்சி பேசத் தொடங்குவார். மகனிடம் பேசிக்கொண்டே, முருங்கைக் கீரையில் வாய் வைக்கும் ஆட்டையும் ஏசுவார். நடுவில் தெருவில் போகிறவளிடம் சந்தை விலை கேட்பார். ஊரில் இல்லாத மருமகளுக்கும் நாலு வார்த்தை விழும். இத்தனையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் வரும். இவற்றில் கடிதத்துக்கு உரியது எது, ஆட்டுக்கு உரியது எது, வெறுமனே ஆற்றாமையில் சொல்லப்பட்டு யாருக்குமே போகக் கூடாதது எது என்று பிரித்தெடுப்பதுதான் என் வேலை. ‘சனியனே, உனக்கு எவ்வளவு போட்டாலும் போதாதா’ என்ற வாக்கியம் ஆட்டுக்கும் பொருந்தும், மருமகளுக்கும் பொருந்தும் என்பதால், ஆச்சியின் பார்வை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்ததும் வாசித்துக்காட்ட வேண்டும். அதுவும் ஆச்சியின் குரலேற்ற இறக்கத்தோடு. மடிப்பில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தால் விட மாட்டார். காசு கொடுத்து வாங்கிய தாள் அல்லவா! பசு கன்று போட்டது, குளத்தில் தண்ணீர் கிடப்பது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் நீர்த்துப்போனது என்று ஓரம்வரை நிரப்பிய பிறகுதான் ‘மற்றவை நேரில்’. கடைசியாக முகவரி. 4இல் தொடங்கினால் மகாராஷ்டிரப் பக்கம், 6இல் தொடங்கினால் நம் பக்கம் என்று பின்கோடு எனக்கு அத்துப்படி. 1972இல் வந்த அந்த ஆறு கட்டத்தை ஆச்சி மந்திரச் சக்கரம்போல மதித்தார். தாராவியின் 400017இல் ஓர் எண் தப்பினாலும் கடுதாசி கடலுக்குப் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை.

மூன்றாம் வீட்டு மதினியின் கடிதம் இன்னொரு பாடம். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, மதினி தரையைப் பார்த்தபடி, “அத்தை என்னை நல்லாப் பாத்துக்கிடுதாவ” என்று சொல்லுவார். எழுதுவேன். மாமியார் எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போனதும், மதினியின் விரல் மடிப்பின் ஓரத்தைத் தொடும். “இங்கன ஒரு வரி. அடுத்த மணியார்டரை எம்பேருக்கு அனுப்பச் சொல்லு.” அந்த வரியை மாமியாருக்கு வாசித்துக்காட்டும்போது தாண்டிப் போவதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு தெருவின் இரகசியம் முழுவதையும் பத்து வயதில் வயிற்றில் வைத்திருந்தவளுக்கு, பிற்பாடு அலுவலக அரசியல் எல்லாம் பொரிகடலைதான்.

தந்தி 2013இல் நின்றது. தபால்காரர் படிவத்தோடு கொண்டுவந்து கொடுத்த பழைய மணியார்டரும் 2015இல் போயிற்று. ஆச்சியும் இல்லை. நான் இப்போது ஒரு வங்கிக் கிளையில், கோபத்தோடு வருகிறவர்கள் முதலில் வந்து சேரும் மேசையில் இருக்கிறேன். கத்துகிறவர்களைப் பார்த்து எனக்குப் பதற்றமே வராததைக் கண்டு உடன் வேலை பார்ப்பவர்கள் தியான வகுப்புக்குப் போகிறேனா என்று விசாரிக்கிறார்கள். அவர்கள் கத்துவதில் பாதி ஆட்டுக்கு என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதியை மட்டும் குறித்துக்கொள்கிறேன். இந்தச் சம்பளத்துக்கு என்னைத் தகுதியாக்கியது பட்டப்படிப்பு அல்ல, அந்தத் திண்ணைதான் என்பதை எந்த நேர்முகத் தேர்விலும் சொல்ல முடியவில்லை. ஆகவே ஆச்சிக்கும் மதினிக்கும், அந்த ஆட்டுக்கும்கூட, என் நன்றியை இங்கேயாவது பதிந்துவைக்கிறேன்.

போன மாதம் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். வைப்புத்தொகை வட்டியில் எங்கள் கிளை செய்த குளறுபடி. மேலாளருக்குப் புகார் எழுத வேண்டும், கை நடுங்குகிறது என்றார். பழைய தொழில் விடுமா? உட்காரவைத்து, அவர் மூச்சு வாங்கும்வரை பேசவிட்டு, மகன், மருமகன், அரசாங்கம் எல்லோரையும் கழித்துவிட்டு, எங்கள் கிளையைப் பற்றி மட்டும் தேதி, தொகையோடு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மேலாளர் அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி, “யாரோ விவரமான ஆள் எழுதிக்கொடுத்திருக்காங்க, ஒரு இடத்திலயும் தப்பிக்க முடியல. நீங்களே பதில் போட்டுருங்கம்மா” என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் கடிதத்துக்கு நானே பதில் எழுதினேன். வட்டியும் வரவு வைக்கப்பட்டது.

பெரியவர் பதிலோடு நேரில் வந்து நன்றி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ எழுதினது பிரமாதம்மா. பதில் எழுதினவனுக்குத்தான் அவ்வளவு விவரம் பத்தாது” என்றார்.