ரிட்டர்ன் டேட்

ஜூன் 3, 2024. நியூ ஹேவன், அமெரிக்கா

இன்று சேர்ந்தேன். வாடகைதாரர்களுக்கு இலவசமாக வாதாடும் சின்ன சட்ட உதவி அலுவலகம். அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் தருவாங்களாடி?" அலுவலகம் தராதும்மா, பல்கலைக்கழகம் தரும் என்றேன். நான் படிக்கும் யேல் பல்கலைக்கழகத்தின் 'பிரெசிடென்ட்ஸ் பப்ளிக் சர்வீஸ் ஃபெல்லோஷிப்' என்ற உதவித்தொகைத் திட்டம் 1994 முதல் இதைத்தான் செய்கிறது. இந்த ஊரின் அரசு அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் கோடையில் வேலை பார்க்கும் மாணவர்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் தருகிறது. இல்லையென்றால் போன வருஷம் போல டைனிங் ஹாலில்தான் வேலைக்கு நின்றிருப்பேன். வீட்டில் வசதி இருக்கிறவர்கள் மட்டும்தான் பொதுப்பணி பழக முடியும் என்றால் அது அநியாயம்.

ஜூன் 12

நியூ ஹேவன் இருக்கும் கனெக்டிகட் மாநிலத்தில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸுக்கு மூன்று நாள்தான் கெடு. பிறகு சம்மன் வரும். அதில் 'ரிட்டர்ன் டேட்' என்று ஒரு தேதி இருக்கும். அன்று கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து இரண்டு நாளுக்குள் 'அப்பியரன்ஸ்' படிவம், அதாவது வழக்கில் நானும் இருக்கிறேன் என்று தெரிவிக்கும் தாள், கோர்ட்டில் கொடுத்தாக வேண்டும். தவறினால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடலாம். வக்கீல் விளக்கிச் சொன்ன பிறகும் எனக்கு இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 25

இதே ஊரின் ஃபேர் ஹேவன் பகுதியிலிருந்து வயதான ஒரு பெரியம்மா வந்தார். நாலாக மடித்த சம்மனை ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தார். ரிட்டர்ன் டேட் ஜூன் 24. நேற்று! நாளையோடு கெடு முடிகிறது. அவருக்கு ஸ்பானிஷ்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளர் போனில் சொல்லச் சொல்ல அப்பியரன்ஸ் படிவத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பினேன். சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. வக்கீல் பார்த்துச் சரி என்ற பிறகே கையெழுத்து. உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

எல்ம் தெரு 121, வீட்டு வாடகை வழக்குகளைப் பார்க்கும் ஹவுசிங் கோர்ட். இருவரும் சேர்ந்தே போனோம். முத்திரை விழுந்த நகலை அதே ரொட்டிப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, "கிராசியாஸ், மிஹா" என்றார். நன்றி, மகளே என்று அர்த்தம். வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூன் 30

ஞாயிறு. துணி துவைத்தேன். 1718இல் எலைஹு யேல் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கு விற்ற பணத்தில்தான் இந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்து சேர்த்த செல்வம். அவருடைய மகனின் கல்லறை எங்கள் ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து போன பணத்தில் கொஞ்சமாவது ரொட்டிப் பைக்காரம்மாவுக்குப் போய்ச் சேரட்டும்.

ஜூலை 9

பெரியம்மா போன் செய்தார். மத்தியஸ்தத்துக்குத் தேதி வந்துவிட்டதாம். வக்கீல் கூட இருப்பார். எந்த பஸ், எந்த வாசல் என்று இரண்டு தடவை கேட்டார். அரை மணி முன்னாடியே எல்ம் தெரு வாசலில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.