ஓய்வுக்கு முன் ஒரு டிரையல் பேலன்ஸ்

சவுகார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளிலும் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர்களுக்கு வித்தியாசம் பிடிப்பது கைவந்த வேலை. டிரையல் பேலன்ஸ் (பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பட்டியல்) 450 ரூபாய் இடிக்கிறதா? ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதி வராவிட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறி 5,940 என்பது 5,490 ஆக ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். 1,860 இடித்தால், அதில் பாதியான 930 பற்றுக்குப் பதில் வரவில் விழுந்திருக்கிறதா என்று பேரேட்டைப் புரட்டுவார்கள்.

முதலாளி கணக்கில் ஒரு ரூபாய்க்காக ராத்திரி வரை உட்கார்ந்த அதே ஆட்கள், சொந்த பி.எஃப். பாஸ்புக்கை ரிட்டயர் ஆகிற மாசம்தான் திறக்கிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். 58 வயசு முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே திறந்து பாருங்கள்.

முதலில் பெயர். நம்ம ஊரில் இனிஷியல்தான் வில்லங்கம். பி.எஃப். பதிவில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பேங்கில் இனிஷியலே இல்லை என்றால் கிளெய்ம் திரும்பி வரும். பிறந்த தேதி 05-12 என்பது 12-05 ஆகியிருப்பதும் மேலே சொன்ன அதே இடமாற்றப் பிழைதான். பழைய கம்பெனியில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி மூடியிருந்தால் திருத்தத்துக்குக் கையெழுத்து வாங்கவே மாசக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். வேலை மாறும்போது 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்திருந்தால் அந்த வருஷங்கள் போனவைதான். சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி 70ஆல் வகுப்பது சூத்திரம். 20 வருஷம் முடித்தவர்களுக்கு 2 வருஷம் கூடுதல். ஆனால் இந்தக் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ஆனது 2014 செப்டம்பரில்தான். அதற்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500 வரைதான் எடுப்பார்கள், மொத்தத்துக்கும் 15,000 போட்டு மனக்கணக்கு பண்ணி ஏமாறாதீர்கள். 58க்குப் பிறகும் வேலையில் தொடர்ந்தால், முதலாளி பங்கில் பென்ஷனுக்குப் போன 8.33 சதவீதம் பி.எஃப். பக்கமே சேர வேண்டும். இது தப்பாகப் போய்க்கொண்டிருந்தால் பின்னால் கிளெய்ம் சிக்கும்.

கிராஜுவிட்டியில் (பணிக்கொடை) நடக்கிற தப்பு, மாசச் சம்பளத்தை 26க்குப் பதில் 30ஆல் வகுப்பது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000, சர்வீஸ் 22 வருஷம் 7 மாசம் என்று வையுங்கள். ஆறு மாசத்துக்கு மேல் என்பதால் 23 வருஷம். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 15,000, மொத்தம் 3,45,000. 30ஆல் வகுத்தால் 2,99,000. ஒரே ஒரு எண்ணில் 46,000 ரூபாய் போகிறது.

வீட்டுக்காரம்மாவிடமும் இதையெல்லாம் சொல்லி வையுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட பி.எஃப். நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகும். புதுசாகப் போட வேண்டும். நமக்குப் பிறகு பென்ஷனில் பாதி அவர்களுக்கு வரும், அதற்கு பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நம்பர் எந்த ஃபைலில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.