சீட்டு நோட்டும் ஏழாம் வகுப்பு கம்ப்யூட்டரும்

கீழ் வீட்டு அக்கா கார்மெண்ட்ஸில் டெய்லர். வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் சீட்டு நோட்டை எடுத்துவிடுவார். 20 பேர், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய், 20 மாதம். பெங்களூரு அல்சூர் மர்ஃபி டவுனில் எங்கள் தெருவில் பாதி வீடு அந்த நோட்டில் இருக்கிறது.

அவர் மகள் ஏழாவது படிக்கிறாள். கம்ப்யூட்டர் பரீட்சைக்குச் சந்தேகம் கேட்க என்னிடம் வந்தாள். அல்காரிதம், அதாவது ஒரு வேலையை முடிக்கும் படிகளின் வரிசை, என்றால் என்ன என்று கேட்டேன், மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஒரே படியைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப்புக்கும் அப்படியே. "நீ எழுதின புரோகிராம் ஒண்ணு காட்டு" என்றேன்.

"எழுதினதில்லக்கா. வாரத்துக்கு ஒரு பீரியட்தான் லேப். மூணு பேருக்கு ஒரு சிஸ்டம். மிஸ் சொல்றத நோட்ல எழுதிக்குவோம்."

14 வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப்போடு கீழே போனேன். அவள் அம்மாவின் சீட்டுக் கணக்கையே புரோகிராமாக எழுதச் சொன்னேன். ஏலத்தில் அதிகம் தள்ளிக் கேட்பவருக்குச் சீட்டு. 4,000 தள்ளினால் அவர் கைக்கு 16,000 போகும், அந்த 4,000 எல்லாருக்கும் 200, 200 ஆகப் பிரியும், அந்த மாதம் ஆளுக்கு 800 கட்டினால் போதும். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினோம். 2008இல் வந்த பைத்தான் 3 முதல், மதிப்புகளைப் போட்டுவைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'தள்ளு' என்று அவள் டைப் செய்து, அது வேலையும் செய்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

800 வந்தது. அக்கா நோட்டோடு ஒத்துப் பார்த்தார். "முதல் மாசம் போடு" என்றார். அதற்கும் 800.

"தப்பு. முதல் சீட்டு நடத்துறவளுக்கு. ஏலமே கிடையாது, எல்லாரும் முழு ஆயிரம் கட்டணும்."

பிள்ளை யோசித்து ஒரு 'இஃப்' சேர்த்தாள், 'முதல் மாதமாக இருந்தால்' என்று. அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று, "அப்போ கடைசி மாசமும் ஏலம் இல்லதானம்மா? ஒருத்தர்தானே பாக்கி இருப்பாங்க" என்றாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் வேலையே இதுதான். விட்டுப்போன நிலைமையைத் தேடிப் பிடிப்பது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் புரோகிராம் எழுதச் சொல்லித்தர வேண்டும் என்றால், "எல்லாப் பிள்ளைகளும் ஐடிக்கா போகப்போகுது?" என்று என் கணவர் கேட்கிறார். போக வேண்டாம். அக்கா எந்த ஐடிக்கும் போகவில்லை, ஆனால் அந்தக் கணக்கின் விதிகள் அத்தனையும் அவர் தலையில் ஒழுங்காக இருக்கின்றன. இப்படி யோசிப்பதை எழுதிப் பார்க்க, தப்பானால் உடனே தெரிந்து திருத்த, பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும். அதனால்தான் கோடிங், அதாவது புரோகிராம் எழுதுவது, ஆறாவது முதல் எட்டாவது வரை கட்டாயப் பாடமாக வேண்டும் என்கிறேன். விருப்பப் பாடமாக விட்டால், வீட்டில் லேப்டாப் இருக்கிற, கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிகிற பிள்ளைகள் மட்டும் எடுப்பார்கள். மர்ஃபி டவுன் பெண் எடுக்கமாட்டாள்.

2020 தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளில் கோடிங் வரும் என்றது. எழுதிவிட்டால் போதுமா? இங்கிலாந்தில் 2014இலேயே 5 வயது முதல் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டிங்கைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் 2017இல் அந்நாட்டு அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டி பார்த்தபோது, அங்கே 54 சதவீதப் பள்ளிகளில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமே இல்லை. சொல்லித்தர ஆசிரியர்கள் போதவில்லை என்பது பெரிய காரணம். நம் மிஸ்ஸை நான் குறை சொல்லவே மாட்டேன். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? முதலில் அவருக்குப் பயிற்சி வேண்டும், அவர் கையால் செய்து பழக நேரம் வேண்டும். பரீட்சையில் வரையறை கேட்பதை நிறுத்திவிட்டு, தப்பான புரோகிராம் ஒன்றைக் கொடுத்து எங்கே தப்பு என்று கேட்கட்டும்.

தை மாதம் அக்கா புதுச் சீட்டு தொடங்குகிறார், இந்த முறை 25 பேர். பிள்ளை புரோகிராமில் 20 என்று எழுதிய இடங்களை எல்லாம் தேடித் தேடி மாற்றிக்கொண்டிருக்கிறாள். இரண்டு இடம் கிடைத்துவிட்டது. மூன்றாவது ஒன்று இருக்கிறது, நான் இன்னும் சொல்லவில்லை.