நனோசைம் வினா: புள்ளி எல்லாம் கேஎம்மில்

பெறுபேறு வந்தாச்சு, அப்பாடா. கொழும்பில் அடுத்த முறை எம்எஸ்ஸி உயிர் இரசாயனம் எழுதப்போகிறவர்களுக்கு நனோசைம் (நொதியம் போல வினையை ஊக்கும் நனோத்துணிக்கை) பகுதிக்கு மட்டும் சில குறிப்புகள்.

வரலாற்றை ஒரு வரியோடு விடுங்கள்: 2004இல் பெயர், 2007இல் இரும்பு ஒட்சைட்டின் பெரொக்சிடேஸ் குணம் (பேரொட்சைட்டைக் கொண்டு வேறு பொருளை ஒட்சியேற்றுவது). பக்கம் நிரப்பினால் நேரம்தான் போகும்.

புள்ளி கேஎம்மில் (வேகம் உச்சத்தில் பாதியாக வேண்டிய செறிவு) இருக்கிறது. எத்தனை தரம் சொன்னாலும் காணாது. அந்த 2007 அளவீட்டில், ஐதரசன் பேரொட்சைட்டுக்கு இரும்பு ஒட்சைட்டின் கேஎம் 154 மில்லிமோலர். குதிரைமுள்ளங்கி நொதியத்துக்கு 3.7. நனோசைம் புற்றுக்கட்டியிலுள்ள பேரொட்சைட்டை ஐதரொட்சில் மூலிகமாக்கிக் கலத்தைக் கொல்லும் என்பதுதான் வாதம். கட்டிக்குள் இருப்பதோ வழமையாகச் சொல்லப்படும் 50–100 மைக்ரோமோலர். 0.1ஐ 154.1ஆல் வகுத்துப் பாருங்கள்: உச்ச வேகத்தில் 0.065 சதவீதம். இந்தக் கணக்கைப் போடாமல் "கட்டியை அழிக்கும்" என்று எழுதுவது வீண்.

அடுத்தது பிஎச். டிஎம்பி (ஒட்சியேறினால் நீலமாகும் பொருள்) சோதனை 3.6இல் நடக்கிறது, கட்டி 6.5–6.8. நடுநிலையை நெருங்க நெருங்கக் கற்றலேஸ் குணம் ஓங்கும், ஐதரொட்சில் மூலிகத்துக்குப் பதில் ஒட்சிசனும் நீரும்தான் வரும். தப்பி வரும் மூலிகத்தையும் கலத்திலுள்ள ஒட்சியேற்ற எதிரி குளுட்டாதயோன் விழுங்கும். குளுக்கோஸ் ஒட்சிடேஸைச் சேர்த்துக் கட்டுவது ஏன் என்பது இப்போது விளங்கும்: பேரொட்சைட்டும் கிடைக்கும், குளுக்கோனிக் அமிலத்தால் பிஎச்சும் இறங்கும். ஆனால் அதற்கு ஒட்சிசன் வேண்டும், கட்டிக்குள் அதுவே பஞ்சம். இந்தக் கடைசி வரியைத்தான் பலர் விடுகிறார்கள்.

பிரக்டிகலுக்கு:

- 0.2 மோலர் அசற்றேற்றுத் தாங்கற்கரைசல், பிஎச் 3.6, 37 பாகை. "அறை வெப்பநிலை" என்று எழுதாதீர்கள். ஏசி அறையும் ஏசி நின்ற அறையும் ஒன்றல்ல.
- டிஎம்பி: டிஎம்எஸ்ஓ கரைப்பானில் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம். அன்றன்று கரைத்து, அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள்.
- 30 சதவீதப் பேரொட்சைட்டு ஏறத்தாழ 9.8 மோலர். திறந்து நாள்பட்ட போத்தலை நம்பாமல் 240 நனோமீற்றரில் பாருங்கள் (மோலர் உறிஞ்சல் குணகம் 43.6).
- துணிக்கைகளை சொனிகேற் பண்ணிய (மீயொலியால் கலக்கிய) கையோடு எடுங்கள். அடியில் படிந்தால் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு விடை சொல்லும்.
- 652 நனோமீற்றரில் தொடக்கச் சரிவை மட்டும் எடுங்கள். அமிலம் விட்டால் நீலம் மஞ்சளாகி 450க்குப் போய்விடும்.

கணக்கு: 652இல் நீல டிஎம்பியின் குணகம் 39,000, நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் விளைவு என்றால் 1 அலகு. 1 மில்லிலீற்றரில், 1 சென்ரிமீற்றர் கலத்தில், நிமிடத்துக்கு 0.39 ஏறினால் 0.01 அலகு. போட்டது 10 மைக்ரோகிராம் என்றால் மில்லிகிராமுக்கு 1 அலகு.

வைவாவில் கட்டுப்பாட்டுக் குழாய்களைத்தான் துருவுவார்கள். பேரொட்சைட்டு இல்லாத குழாய் கட்டாயம். அமிலத்தில் சீரியா (சீரியம் ஒட்சைட்டு) தனியாகவே டிஎம்பியை நீலமாக்கும். வேலை செய்வது துணிக்கையிலிருந்து கசிந்த இரும்பா என்று பார்க்க, துணிக்கைகளை அதே கரைசலில் அதே நேரம் வைத்துப் பிரித்தெடுத்து, மேல்நீரை மட்டும் சோதியுங்கள். 0.22 மைக்ரோன் வடி போதாது, நனோத்துணிக்கை அதனூடே போகும். அல்ட்ரா வடி வேண்டும். சீரியாவின் எஸ்ஓடி குணத்தை (சுப்பரொட்சைட்டு மூலிகத்தை அகற்றுவது)ப் பொஸ்பேற்றுக் கரைசலில் அளந்தால் விடை குறைவாக வரும், மேற்பரப்பிலுள்ள சீரியம் மூன்றைப் பொஸ்பேற்று பிடித்துவிடும்.