வேலூர்ப் புரட்சியை நான் படித்த விதம்

குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குத் தயாரான சமயம், பயிற்சி வகுப்பில் வைத்த மாதிரித் தேர்வில் 1806 வேலூர்ப் புரட்சியின் காரணங்களைக் கேட்டிருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் செய்த கலகம் அது. தெரிந்த கேள்விதானே என்று புதுத் தலைப்பாகை, தோல் பட்டை, தாடி, கடுக்கன் என நிறைய எழுதிக் கொடுத்தேன். பதினைந்துக்கு நாலரை வந்தது. திருத்தியவர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "தலைப்பாகைக்காக மட்டும் ஒருவன் உயிரைக் கொடுப்பானா?"

அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாடத்தை மறுபடி படித்தேன். 1799-ல் மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்தார். 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்தது. தங்கள் மண்ணின் ஆட்சிகள் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தச் சிப்பாய்கள். எத்தனை வருடம் உழைத்தாலும் சுபேதார் என்ற இந்திய அதிகாரிப் பதவிக்கு மேல் உயர முடியாது. அதன் மேல்தான் அந்த உத்தரவு வந்து விழுந்தது: நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கனைக் கழற்று, தொப்பி போன்ற தலைப்பாகையை அணி. 1806 மே மாதம் வேலூரில் மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்ட பிறகே விடப்பட்டார்கள். உங்கள் விடையில் இந்தக் கசையடிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். புகைச்சல் கலகமாகத் திரும்பிய இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பெயர்கள் என்னை ரொம்ப நாள் குழப்பின. பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் கிரடாக்கும் பெண்டிங்கும் இடம் மாறிவிடுவார்கள். யார் என்ன செய்தார் என்று வினையோடு சேர்த்துப் படியுங்கள். தலைப்பாகையை வடிவமைத்தவர் அக்னியூ, உத்தரவிட்ட தலைமைத் தளபதி கிரடாக், ஒப்புதல் தந்த ஆளுநர் பெண்டிங், கோட்டையில் கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி பான்கோர்ட், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தவர் கில்லஸ்பி. சிப்பாய் முஸ்தபா பெக் கலகம் வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தும், பைத்தியம் என்று அவரை அடைத்து வைத்தார்கள். பொருத்துக வகைக் கேள்விக்கு இது போதும்.

அப்புறம், முடிந்தால் ஒரு முறை வேலூருக்குப் போய் வாருங்கள். அகழியைத் தாண்டி உள்ளே போனால் ஜலகண்டேசுவரர் கோயில், திப்புவின் குடும்பத்தைச் சிறை வைத்திருந்த மகால்கள். ஜூலை 9-ல் திப்பு மகளின் திருமணம். மறுநாள் விடியும் முன் துப்பாக்கி வெடித்தது. மைசூரின் புலிக்கொடி ஏறியது, திப்புவின் மூத்த மகன் பத்தே ஹைதர் அரசர் என்று அறிவிக்கப்பட்டார். மதில் அடியில் நின்று மேலே பார்த்தபோதுதான் தோல்வியின் காரணம் எனக்குப் புரிந்தது. மதில் மேல் தப்பியிருந்த ஆங்கிலேயர்களைச் சிப்பாய்கள் முழுதாக அப்புறப்படுத்தவில்லை. கில்லஸ்பி வந்தபோது அவர்கள்தான் அவரை மேலே இழுத்துக்கொண்டார்கள். பிறகு பீரங்கியால் வாசலைத் தகர்த்துக் குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. ஆற்காடு ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்தை விடையில் குறிப்பிடுங்கள், உதவி ஏன் அன்று காலையிலேயே வந்தது என்பது அதிலேயே விளங்கிவிடும்.

விளைவுகளைச் சுருக்கமாக எழுதினால் போதும். உடை உத்தரவு ரத்தானது, பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள், திப்பு குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. 1857 சிப்பாய்க் கலகத்துடன் ஒப்பிட இரண்டு வரி தாராளம்.

எல்லா விடைத்தாளிலும் கில்லஸ்பி பெயர் இருக்கும். சரி, இருக்கட்டும். கலகத்தில் முன்னின்ற சுபேதார்கள் ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஜமேதார் ஷேக் ஹுசைன் பெயர்களையும் எழுதுங்கள். மதிப்பெண் கூடாவிட்டாலும் எழுதுங்கள்.