எதிராஜ் வாதாடிய மேல்முறையீடு

எதிராஜ் கல்லூரியில் 3 ஆண்டுகள் படித்தபோது, அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மதிய உணவில்தான் என் அக்கறையெல்லாம். கறுப்பு அங்கி போட்ட பிறகுதான் வி.எல். எதிராஜைத் தேடிப் படித்தேன்.

1944 நவம்பரில் 'இந்துநேசன்' இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சினிமா நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்தவர். கைதானவர்களில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இருந்தார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் அந்தத் தீபாவளிக்குத்தான் வெளியாகியிருந்தது! 1945-இல் ஜூரி குற்றவாளிகள் என்றது, ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது.

அப்போது வாதாட வந்தவர் எதிராஜ். அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர் என்பதால், ஒரு குற்றச்சாட்டை எப்படிக் கட்டுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. கட்டத் தெரிந்தவருக்குத்தானே எந்தச் செங்கல் ஆடுகிறது என்று தெரியும்? 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

கிருஷ்ணன் மறுபடி சிரிக்க வைத்தார். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. விடுதலைத் தீர்ப்பு வாங்கித் தரலாம். பறிபோன இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை எந்த வழக்கறிஞரால் வாங்கித் தர முடியும்? என் கட்சிக்காரர்கள் யாரும் பிரபலங்கள் அல்லர். ஆனாலும் ஜாமீன் மனு தள்ளுபடியாகும் நாள்களில் பாகவதர்தான் நினைவுக்கு வருகிறார்.

1948-இல் எதிராஜ் அந்தக் கல்லூரியைத் தொடங்கினார்.